மெதுவாகக் கற்பது யார்? சித்தூர் எல்லையிலிருந்து ஒரு கேள்வி

நான்காம் வகுப்புக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒரு சிறுவனிடம் 7 பேனாக்கள் உள்ளன. 12 பேருக்கு ஆளுக்கொன்று தர வேண்டும். தெலுங்கில் இந்தக் கணக்கின் கடைசி வரி இப்படி அமையும்: “இங்க்கா என்னி பென்னுலு அவசரம்?” இன்னும் எத்தனை பேனாக்கள் தேவை என்பது அதன் பொருள். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. தமிழிலோ அதே சொல்லுக்கு விரைவு என்று பொருள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, நகரியிலோ சத்தியவேட்டிலோ தெலுங்குவழி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தைக்கு இந்த வரி என்னவாகக் கேட்கும்? பேனாவுக்கு என்ன அவசரம் என்று அது திகைத்து நிற்கலாம். கழித்தல் அதற்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். ஆனாலும் விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

அதே வகுப்பில் இன்னும் இரண்டு குழந்தைகள் அதே இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ஒரு குழந்தைக்குத் தெலுங்கே தாய்மொழி. கேள்வியைக் காதால் கேட்டால் உடனே ஐந்து என்று சொல்லிவிடும். ஆனால் அச்சில் உள்ள எழுத்துகளைக் கூட்டிப் படிக்க அதற்கு இன்னும் வரவில்லை. மற்றொரு குழந்தை வரியைத் தடையின்றிப் படிக்கிறது, பொருளும் புரிகிறது. ஆனால் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழிப்பது எப்படி என்பது அதற்குப் பிடிபடவில்லை. மூன்று குழந்தைகள், மூன்று வேறுபட்ட தடைகள். ஆசிரியரின் பதிவேட்டில் மூவருக்கும் கிடைப்பது ஒரே சுழியம். அந்தச் சுழியத்தின் அடிப்படையில் மூவருக்கும் வழங்கப்படும் பெயரும் ஒன்றுதான்: மெல்லக் கற்போர்.

கல்வித்துறையின் சுற்றறிக்கைகளிலும் பயிற்சிக் கையேடுகளிலும் இத்தொடர் ஒரு மாணவ வகையைக் குறிப்பதுபோல் புழங்குகிறது. மந்தமானவன், மக்கு என்ற பழைய சொற்களைவிட இது கண்ணியமானது என்பதில் ஐயமில்லை. எனினும் இத்தொடரும் குறையைக் குழந்தையின் வேகத்தில்தான் தேடுகிறது. வேகம் குறைவு என்று முடிவு கட்டிவிட்டால் அதற்கான மருந்தும் எளிதாகிவிடுகிறது: அதே பாடத்தை இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் உரக்க, மாலை நேரச் சிறப்பு வகுப்பில் நடத்துவது. மேற்சொன்ன மூவரில் ஒருவருக்குக்கூட அது உதவாது. எழுத்து வராத குழந்தைக்கு எழுத்து வேண்டும். மொழி புரியாத குழந்தைக்கு மொழிப் பாலம் வேண்டும். கழித்தல் தெரியாத குழந்தைக்குப் புளியங்கொட்டையும் குச்சியும் கொண்டு தொடங்கும் கணக்கு வேண்டும். வேறுபடுத்திக் கற்பித்தல் என்று கல்வியியலில் பேசப்படுவதன் முதல் படி இந்த மூன்றையும் பிரித்தறிவதே. மதிப்பெண் வரிசையில் மாணவரை மூன்று பெஞ்சுகளில் பிரித்து அமர்த்துவதை அந்தப் பெயரால் அழைக்க இயலாது.

வாசிப்பு ஆய்வில் இதற்கு உறுதியான ஓர் அடிப்படை உண்டு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த ‘எளிய வாசிப்பு நோக்கு’, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனை இரண்டு திறன்களின் பெருக்கற்பலன் என்று விளக்கியது. ஒன்று, எழுத்தை ஒலியாகவும் சொல்லாகவும் மாற்றும் திறன். மற்றொன்று, அந்த மொழியைக் கேட்டாலே புரிந்துகொள்ளும் திறன். இது கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் எது சுழியமானாலும் விடை சுழியமே. எழுத்துகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் குழந்தைக்கு மொழி புரியாவிட்டால் அது வாசிப்பு ஆகாது. மொழியில் புலியாக இருக்கும் குழந்தைக்கு எழுத்து வசப்படாவிட்டாலும் அது வாசிப்பு ஆகாது. தேர்வுத்தாள் பெருக்கற்பலனை மட்டுமே காட்டுகிறது. எந்தக் காரணி சுழியம் என்பதை ஆசிரியர் தனியே தேடித்தான் காண வேண்டும்.

எல்லா ஊர்களிலும் இந்தத் தேடல் தேவைதான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அது இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. காரணம் இந்நிலத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1911-இல் வட ஆர்க்காட்டின் சில பகுதிகளையும் கடப்பையின் சில பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றச் சட்டத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கும், பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சார்ந்திருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்துக்கும் மாறின. 2022 ஏப்ரலில் ஆந்திரம் 13 மாவட்டங்களிலிருந்து 26 ஆக மறுசீரமைக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாகக் கோடு மூன்று முறை நகர்ந்தது. வீடுகளில் பேசப்படும் மொழி அக்கோட்டைப் பார்த்து நகரவில்லை. நகரி, சத்தியவேடு, சித்தூர் நகரம், குப்பம் ஆகிய இடங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் உள்ளன. குப்பத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் ஒரே சந்தையில் புழங்குகின்றன. மதனப்பள்ளிப் பக்கம் உருது பேசும் வீடுகள் உண்டு. சுகாலி மக்களின் லம்பாடி இந்தோ-ஆரிய மொழி. எருகல மக்களின் மொழியோ தமிழோடு நெருங்கிய உறவுடையது. தெலுங்கே பேசும் குழந்தைக்குங்கூட, ராயலசீமை வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தெலுங்குக்கும் இடையே கடக்க வேண்டிய தூரம் இருக்கிறது.

ஆந்திரத்தில் 2020-21 முதல் அச்சிடப்பட்ட இருமொழிப் பாடநூல்கள் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கவை. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில். தெலுங்கு வீட்டுக் குழந்தைக்கு இது நல்ல ஏற்பாடு. ஆங்கிலத்தில் தடுக்கினால் எதிர்ப்பக்கம் கைகொடுக்கும். குப்பத்தின் கன்னட வீட்டுக் குழந்தைக்கும், நகரியின் தமிழ் வீட்டுக் குழந்தைக்கும், தாண்டாவில் வளரும் சுகாலிக் குழந்தைக்கும் இரண்டு பக்கமும் பள்ளியின் மொழியே. ஒரு பக்கத்தில் தடுக்கி மறுபக்கத்துக்குப் போனாலும் அங்கும் தடுக்கும். ஒரே புத்தகம், ஒரே மேசை, ஒரே ஆசிரியர் என்பதால் வாய்ப்பும் ஒன்றே என்று ஆகிவிடாது.

மொழித் தடை எப்படிப் பிழையாக உருவெடுக்கிறது என்பதற்கு எழுத்துப் பிழைகளே சான்று. தெலுங்கில் ககர வரிசைக்கு நான்கு தனி எழுத்துகள் உண்டு. ஒலிப்பிலா ‘க’வுக்கும் ஒலிப்புடைய ‘க’வுக்கும் பொருள் வேறுபாடு உண்டு. ஒலிப்பிலா ஒலியில் தொடங்கும் ‘காலி’ என்றால் காலினுடைய என்றும் எரிந்து என்றும் பொருள். ஒலிப்புடைய ஒலியில் தொடங்கும் ‘காலி’ என்றால் காற்று. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பதே சிக்கலை விளக்கிவிடுகிறது. தமிழில் ‘க’ சொல்லின் முதலில் ஒருவாறும், ‘தங்கம்’ என்பதில் மெல்லினத்தை அடுத்து வேறொருவாறும் ஒலிக்கும். எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பது மொழியின் ஒலியமைப்புக்குள்ளேயே அடங்கியிருப்பதால் எழுத்து ஒன்றே போதும். இந்த ஒழுங்கோடு வளர்ந்த செவி, தெலுங்குச் சொல்லெழுத்துப் பயிற்சியில் இரண்டு எழுத்துகளைக் குழப்பினால் அது கவனக்குறைவு அன்று, சோம்பலும் அன்று. தன் மொழியின் விதியை அது சரியாகப் பின்பற்றுகிறது. சிவப்பு மையில் பத்துமுறை எழுதச் சொல்வதால் கை வலிக்கும். செவி பழகாது. இரண்டு ஒலிகளையும் மாறி மாறிக் கேட்டுப் பிரித்தறியும் பத்து நிமிட விளையாட்டு பழக்கிவிடும்.

இலக்கணத்திலும் இவ்வாறே. தமிழில் ‘அக்கா வந்தாள்’, ‘பசு வந்தது’ என்று வினைமுற்று பிரியும். தெலுங்கில் ‘அக்க வச்சிந்தி’, ‘ஆவு வச்சிந்தி’ என இரண்டுக்கும் ஒரே முற்று. தெலுங்கு ஒருமையில் ஆண்பால் ஒருபுறமும் ஏனையவை மறுபுறமும் நிற்கின்றன. அக்காவையும் பசுவையும் ஏன் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்று ஒரு குழந்தை கேட்டால், அது முதுகலை மொழியியல் வகுப்பில் கேட்கத்தக்க கேள்வி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அக்கேள்விக்கு நேரமில்லை என்பதால் அது தொந்தரவாகப் படுகிறது. சில மாதங்களில் அந்தக் குழந்தை கேட்பதையே நிறுத்திவிடுகிறது. மெதுவாகக் கற்பவர் என்ற பெயர் பல நேரங்களில் இந்த மௌனத்துக்கு இடப்படும் பெயர்தான்.

வீட்டு மொழி தடையாகவே இருக்க வேண்டியதில்லை. கண் ‘கன்னு’, மூக்கு ‘முக்கு’, செவி ‘செவி’, கால் ‘காலு’, பால் ‘பாலு’, ஊர் ‘ஊரு’ என்று இரு மொழிகளும் பகிரும் சொற்கள் ஏராளம். முதல் வாரத்தில் இச்சொற்களைக் கரும்பலகையில் இணையாகச் சொல்லிக்காட்டும் ஆசிரியர், தமிழ் வீட்டுக் குழந்தையிடம் ‘உனக்கு ஏற்கெனவே பாதித் தெலுங்கு தெரியும்’ என்று சொல்லிவிடுகிறார். ‘அவசரம்’ போன்ற பொருள் மாறிய சொற்களுக்கு ஒரு சிறு பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டால் போதும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. வீட்டு மொழியை வகுப்பில் பேசுவது குற்றமன்று என்ற ஒப்புதல் மட்டுமே தேவை.

இது தமிழருக்கு மட்டுமான மனக்குறை என்று படிக்கப்படலாகாது. எல்லைக்கு இப்பால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஓசூர்ப் பகுதிகளின் தெலுங்கு வீட்டுக் குழந்தைகள் இதே கணக்கின் மறுபக்கம். தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி அவர்களும் தமிழைக் கற்கின்றனர். நான்கு எழுத்துகளுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரே ‘க’ எங்கே எப்படி ஒலிக்கும் என்பது புதிர். ‘ழ’ என்ற ஒலி இன்றைய தெலுங்கில் இல்லை. ‘அவசரமாக வா’ என்றால் தேவையோடு வா என்று எண்ணிக்கொள்ளும் குழந்தை அங்கே இருக்கலாம். சத்தியவேட்டுத் தமிழ்க் குழந்தைக்கு நியாயம் கேட்பவர் பள்ளிப்பட்டுத் தெலுங்குக் குழந்தைக்கும் அதே நியாயத்தைக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு குழந்தையின் தடையையும் தனித்தனியே அறிய வேண்டும் என்பது நல்ல உள்ளத்தின் விருப்பம் மட்டுமன்று, சட்டமும்கூட. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு அடுத்த வரியிலேயே, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்க வேண்டும் என்று உள்ளது. இயன்றவரை பயிற்றுமொழி தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று 29-ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் முதலிரண்டு கடமைகளையும் சம எடையில் வைத்தது. நிர்வாகமோ ஒன்றை மட்டுமே எடைபோடுகிறது. எத்தனை பாடம் முடிந்தது என்று ஆய்வு அலுவலர் கேட்பார். பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இருக்கும். எந்தக் குழந்தைக்கு எது தடை என்று கண்டறிந்தீர்கள் என்ற கேள்விக்கு அப்படியொரு கட்டம் இருப்பதில்லை. ஆசிரியர் எந்தக் கடமைக்கு முதலிடம் தருவார் என்பதை ஊகிக்கப் பேரறிவு தேவையில்லை.

பாடத்திட்டத்துக்கும் குழந்தைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்த ஆய்வுகள் உள்ளன. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கானிமியன் ஆகியோர் டெல்லியில் நடுநிலை வகுப்பு மாணவரிடையே நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒரே வகுப்பறைக்குள் மாணவரின் நிலைகள் ஐந்தாறு வகுப்புகளின் அளவுக்கு விரிந்திருந்தன. அத்தகைய அறையில் ஆறாம் வகுப்புப் பாடநூலை மட்டும் நடத்தும் ஆசிரியர், அறையில் உள்ள பலருக்கு எட்டாத இடத்தில் நின்று பேசுகிறார். அவர் எவ்வளவு திறமையாக நடத்தினாலும் நிலைமை இதுவே.

பீகாரின் அனுபவம் இன்னும் கூர்மையான பாடம் தருகிறது. பிரதம் அமைப்பு குழந்தைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை அங்கே கொண்டுசென்றது. 2008 கோடையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே நடத்திய ஒரு மாத முகாமில் குழந்தைகளின் வாசிப்பும் கணக்கும் தெளிவாக முன்னேறின. ஆனால் பள்ளி நாள்களில், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்த இடங்களில் அந்த முன்னேற்றம் ஏற்படவில்லை. கோடையில் பாடநூலை முடிக்கும் கட்டாயம் இல்லை; பள்ளி திறந்ததும் அது திரும்பிவிட்டது. பின்னர் ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே இதற்கென்று நாள்தோறும் தனி நேரம் ஒதுக்கி, வட்டார அளவில் துணைநின்று கண்காணித்தபோது இந்தி வாசிப்பில் பலன் கிட்டியது. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இம்முறையைக் கையாளும் திறன் உண்டு என்பதைக் கோடை முகாமே காட்டிவிட்டது. அவருக்கு இல்லாதது ஒதுக்கப்பட்ட நேரமும் அதைப் பயன்படுத்தும் அனுமதியும்.

இந்த அனுமதியை வழங்கிய ஒரு முறை வேறெங்கோ பிறக்கவில்லை. பழைய சித்தூர் மாவட்டத்திலேயே, மதனப்பள்ளிக்கு அருகில் பிறந்தது. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையில் உருவான ரிஷி வேலிப் பள்ளியின் சுற்றுக் கிராமங்களில், 1980களின் பிற்பகுதியில் பத்மநாப ராவ், ராமா இணையர் ஓராசிரியர் பள்ளிகளுக்காக ஒரு கற்றல் முறையை வடிவமைத்தனர். ‘பெட்டிக்குள் பள்ளி’ என்று அது அறியப்பட்டது. பாடநூல் சிறு சிறு மைல்கற்களாக உடைக்கப்பட்டது. ஒவ்வொரு மைல்கல்லுக்கும் அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, மீள்கற்றல், வளமூட்டல் எனப் படச் சின்னம் பொறித்த அட்டைகள். சுவரில் ஒரு கற்றல் ஏணி. குழந்தை தான் நிற்கும் படியை ஏணியில் பார்த்து, உரிய அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும். மதிப்பீட்டில் தேறினால் அடுத்த படி. தேறாவிட்டால் மீள்கற்றல் அட்டை. நிலக்கடலை அறுவடைக்குப் பெற்றோரோடு போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் குழந்தைக்குப் ‘போன பாடம்’ என்று எதுவும் இல்லை. விட்ட படியிலிருந்து அது தொடரும். ஓராசிரியர் பள்ளி என்ற பற்றாக்குறையிலிருந்து பிறந்த இம்முறை, எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிட்டது. அந்த எண்ணம் போனதும் மெல்லக் கற்போர் என்ற வகையும் தேவையற்றதாயிற்று. யாரைவிட மெதுவாக என்ற ஒப்பீடு அங்கே எழவே இல்லை.

இந்த ஏணி நெடுந்தூரம் பயணம் செய்தது. 1995-இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டையில் ‘நலி கலி’யாகத் துளிர்த்தது. 2003-இல் எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலாகப் புகுந்தது. 2007-08-இல் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பாய்விரித்துத் தரையில் வட்டமாக அமர்ந்த குழந்தைகளும், அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் தாழ்வாகத் தீட்டிய கரும்பலகைகளும் ஒரு தலைமுறைக்கு நினைவில் உள்ளவை. பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் அணுகியது. பெயரளவில் இது மெச்சத்தக்க மாற்றம். மெல்லக் கற்போர் என்பது நின்றுபோன பெயர். அரும்பு என்பது மொட்டாகியே தீரும்.

பயணத்தில் கைநழுவியது எது என்பதையும் கேட்க வேண்டும். அட்டைகளை அச்சடிப்பது எளிது, ஏணியை வரைவதும் எளிது. கிராமத்துக் கதையையும் பாட்டையும் பேச்சையும் கொண்டு ஆசிரியரே அட்டையை உருவாக்கித் திருத்தும் உரிமை அவ்வளவு எளிதாக அச்சேறாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டை, எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே கால அட்டவணை என்று வரும்போது, பல வேகங்களுக்காகப் பிறந்த முறையே ஒற்றை வேகத்தில் ஓட வேண்டியதாகிறது. அரும்பிலிருந்து மொட்டுக்கு நகரும் வழி உண்மையில் திறந்திருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்காவிட்டால், மலரின் பெயரும் ஒரு முத்திரையாகிவிடும். இன்னொரு விடுபடலும் உண்டு. இந்த ஏணிகள் பொதுவாக ஒரு மொழியில் ஏறும் குழந்தையை மனத்தில் கொண்டவை. அக்குழந்தை எந்த மொழியிலிருந்து ஏணியின் அடிக்கு நடந்து வருகிறது என்ற கேள்வி அவற்றில் முதற்படியாக இல்லை. எல்லை மாவட்டங்களுக்கு அதுவே முதற்படியாக இருக்க வேண்டும்.

எதிர்ப்புரைகள் உண்டு, அவற்றில் நியாயமும் உண்டு. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று வகைத் தடைகளுக்கு மூன்று வகைப் பாடம் எப்படி நடத்துவது? நாள் முழுதும் நடத்தச் சொன்னால் இயலாதுதான். நாள்தோறும் ஒரு மணி நேரம், முதல் மூன்று மாதங்களுக்கு, எழுத்து, மொழி, எண் என்ற மூன்று குழுக்கள் என்றால் இயலும். ஒரு குழுவோடு ஆசிரியர் அமரும்போது மற்றொன்று அட்டைகளோடும் இன்னொன்று மூத்த மாணவரோடும் இருக்கலாம். இது புதுமையன்று. தெலுங்கில் வீதி படி என்றும் தமிழில் திண்ணைப் பள்ளி என்றும் அழைக்கப்பட்ட பழைய பள்ளிகளில் அவரவர் பாடத்தை அவரவர் வேகத்தில் படித்தனர். சட்டாம்பிள்ளை சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1790களில் சென்னை எழும்பூரில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகிய உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்களைக் கண்டு உருவாக்கிய முறையே ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துக்குச் சென்றது. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும் சாதிக் கதவையும் போற்ற வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் பல வேகங்களைக் கையாள முடியும் என்ற அறிவு மட்டும் இந்நிலத்துக்குப் புதிதன்று.

குழு பிரிப்பதே குழந்தையைப் புண்படுத்தாதா என்பது இரண்டாவது எதிர்ப்பு. குழு நிலையாக இருந்தால் புண்படுத்தும். தடையின் வகையால் பிரிக்கும்போது ஒரே குழந்தை கணக்குக் குழுவில் உதவுபவராகவும் எழுத்துக் குழுவில் உதவி பெறுபவராகவும் இருக்கும். ‘அவசர’த்தில் தடுக்கிய குழந்தை கழித்தல் தெரியாத தோழிக்குப் புளியங்கொட்டையை எண்ணிக் காட்டலாம், அந்தத் தோழி அதற்குத் தெலுங்கு வரியின் பொருளைச் சொல்லலாம். நன்றாகப் படிப்பவர் பாதிக்கப்படுவர் என்ற மூன்றாவது அச்சத்துக்கும் விடை இதிலேயே உள்ளது. ஏணியில் மேலே செல்லவும் யாருக்கும் தடையில்லை. ஆங்கிலவழிக் கல்வியை விரும்பும் பெற்றோரின் கவலையும் மதிக்கத்தக்கது. ஆனால் தனக்குப் புரியும் ஒரு மொழியில் வாசிக்கக் கற்ற குழந்தை, வாசிப்பு என்பது என்ன என்பதையே ஒருமுறை கற்றுவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அதை மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

பள்ளி ஆசிரியரிடம் மட்டும் இவற்றைக் கேட்பது நேர்மையாகாது. உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. 1954-இல் தொடங்கிய திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகம் திருப்பதியில் இருக்கிறது. மூன்று மொழிகள் சந்திக்கும் குப்பத்திலேயே 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கான மாவட்ட நிறுவனம் கார்வேட்டிநகரத்தில் இருக்கிறது. தமிழ், கன்னடம், உருது, லம்பாடி வீட்டுக் குழந்தை தெலுங்கு கற்கும்போது எங்கே தடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடிய ஒப்பீட்டு மொழியியல் இத்தகைய நிறுவனங்களின் கைவசம் உள்ள அறிவு. அது ஆய்வேடுகளிலிருந்து இறங்கி, ஆசிரியர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் இரண்டு பக்கக் கண்டறி தாளாக மாற வேண்டும்: இக்குழந்தை எழுத்தைப் படிக்கிறதா, கேட்டால் புரிகிறதா, வீட்டு மொழியில் கேட்டால் விடை சொல்கிறதா என்ற மூன்று கேள்விகளோடு. மூன்றாவது கேள்வியைக் கேட்க அண்டை வீட்டு மூத்த மாணவரோ சத்துணவு சமைக்கும் அம்மாவோ உதவ முடியும். ஆசிரியருக்கு ஐந்து மொழி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

கல்லூரி வகுப்பறைகளும் இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. தெலுங்குவழியிலோ தமிழ்வழியிலோ படித்துவிட்டுத் திருப்பதியில் ஆங்கிலவழிப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர், முதல் பருவத் தேர்வில் தோற்றால், தோற்றது இயற்பியலிலா ஆங்கிலத்திலா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. தேர்ச்சி விழுக்காடு பேசப்படுகிறது. தடையின் வகை பேசப்படுவதில்லை. நான்காம் வகுப்பில் கேட்கப்படாத கேள்வி பதினெட்டு வயதிலும் கேட்கப்படாமலே நிற்கிறது. இடையில் வெளியேறியவர்களிடம் அதைக் கேட்க இனி வாய்ப்பும் இல்லை.

ஆகவே கோரிக்கை பெரியதன்று. பதிவேட்டில் பாடம் முடிந்த தேதிக்கு அருகில் இன்னொரு கட்டம்: இக்குழந்தைக்குத் தடை எழுத்தா, மொழியா, கருத்தா? அந்தக் கட்டத்தை நிரப்பவும் அதன்படி நடக்கவும் நாளில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் பாடநூல் முடியவில்லையே என்று ஆசிரியரைக் கேட்காத ஓர் அலுவலர். ஏணியைக் கண்டுபிடித்த மாவட்டத்துக்கு இவற்றைத் தொடங்கிவைக்கும் தகுதியும் கடமையும் உண்டு. பேனாக் கணக்கின் முன் உட்கார்ந்திருக்கும் அந்த மூன்று குழந்தைகளும் அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். தேவை என்ற தெலுங்குப் பொருளிலும், விரைவு என்ற தமிழ்ப் பொருளிலும், இது அவசரம்.